பதினாறு நாள் கணக்கு: அணைக்கட்டுப் பக்கத்தில் ஒரு விவசாயக் குடும்பமும் மூன்று இழப்புகளும்

இந்த ஆய்வில் வரும் குடும்பம் எனக்குச் சொந்தம், பெரியம்மா வீடு. அதனால் தள்ளி நின்று பார்த்தவன் எழுதுவதுபோல என்னால் எழுத முடியாது. உதவி வேளாண்மை அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வேலைக்காலம் முழுக்க ஊரான் வயலில் நின்று யோசனை சொன்னேன். பெரியம்மா மகனான அண்ணன் நிலத்தில் ஒரு பெரிய தவறு நடந்தபோது வாயை மூடிக்கொண்டு நின்றேன். அதுவும் இதில் வரும். ஊர்ப் பெயரையும் ஆட்களின் பெயரையும் விட்டுவிட்டேன். கணக்கு எல்லாம் அண்ணி எழுதி வைத்த நோட்டிலிருந்து எடுத்தது.

குடும்பமும் நிலமும்

ஊர் வேலூர் மாவட்டம் அணைக்கட்டு வட்டத்தில், ஒடுகத்தூர் போகிற பக்கம். தெற்கே ஜவ்வாது மலை. அந்த மலையில் மழை பெய்தால் உத்திரக்காவேரியில் இரண்டு நாள் தண்ணீர் ஓடும், அப்புறம் மணல்தான். நிலம் மொத்தம் 2 ஏக்கர் 70 சென்ட். அதில் 1 ஏக்கர் 10 சென்ட் கழனி, மீதி மேட்டுக்கொல்லை. கழனியில் நெல், ஓரமாக முப்பது சென்ட்டில் கத்திரி. கொல்லையில் ஆடிப்பட்டத்து மல்லாட்டை, அதாவது நிலக்கடலை. கத்திரி என்றால் இந்தப் பக்கத்து முள் கத்திரி. இலவம்பாடிக் கத்திரி என்றும் சொல்வார்கள், 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய அதே ரகம். பெரியம்மா அதற்குக் கடையில் விதை வாங்கியதே இல்லை. நன்றாகப் பழுத்த காயைப் பிளந்து, விதையை அலசி, சாம்பலில் புரட்டித் துணியில் முடிந்து அடுப்படிப் பரணில் வைப்பார்.

பாசனத்துக்கு ஒரு கிணறு, அதுவும் பாதிப் பங்கு. மறுபாதி பங்காளி வீட்டுக்கு. ஒரு நாள் இவர்கள் முறை, மறுநாள் அவர்கள் முறை. மோட்டாருக்குக் கரண்ட் இலவசம் என்பதால், தண்ணீர் இருக்கிற வரைக்கும் யாரும் அதை எண்ணிப் பார்க்கவில்லை.

வீட்டில் பெரியம்மா, அண்ணன், அண்ணி, ஒரு மகள், ஒரு மகன். கதை தொடங்கும்போது மகள் பத்தாவது முடித்து வீட்டில் இருந்தாள், மகன் ஏழாவது. தொழுவத்தில் ஒரு பசு. பெரியப்பா 2009இல் காலமானார். பட்டா மட்டும் அவர் பெயரிலேயே கிடந்தது. இதை ஒரு சின்ன விஷயமாக அப்போது எல்லோரும் நினைத்தோம்.

முதல் அடி: 2017

2016 வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 சதவீதம் குறைந்துபோனது. 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதையும் வறட்சிப் பகுதியாக அரசு அறிவித்தது. அண்ணனின் சம்பா நெல் கதிர் வந்து பால் பிடிக்கும் நேரத்தில் கிணறு வற்றியது. முதலில் முக்கால் மணி நேரம் ஓடிய மோட்டார் இருபது நிமிடமாகி, பத்து நிமிடமாகி, ஒரு நாள் காற்றை இழுத்தது. பயிர் நின்ற நிலையிலேயே காய்ந்தது.

அந்தப் பயிருக்கு அதுவரை செலவு 19,000 ரூபாய். விளைந்திருந்தால் இருபத்தைந்து மூட்டை வந்திருக்கும். கருகும் பயிரைப் பச்சையாக அறுத்து மாட்டுக்குப் போட்டிருந்தால் இரண்டு மாதத் தீவனம் மிஞ்சியிருக்கும். அண்ணனுக்கு அதை அறுக்கக் கை வரவில்லை. "இன்னும் ஒரு மழை வந்தா பொழைச்சுக்கும்" என்று தினமும் காலையில் போய் வரப்பில் நின்று பார்த்துவிட்டு வருவார். நான் சொன்னபோதும் கேட்கவில்லை. இதை மட்டும் இன்றுவரை நான் குறையாகச் சொல்லமாட்டேன். கதிர் விட்ட பயிரை அறுத்து மாட்டுக்குப் போடச் சொல்கிறவன் சம்பளம் வாங்குகிறவனாகத்தான் இருப்பான்.

அடுத்து நடந்ததுதான் தவறு. பயிர் போன வாரமே நீரோட்டம் பார்க்கிற ஒருவர் வந்தார். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு கொல்லையில் நடந்தார். வேப்பமரத்துக்குக் கிழக்கே தேங்காய் எழுந்து நின்றது. நானும் பார்த்தேன். மறுநாள் இரவு ஆழ்துளைக் கிணறு (போர்) போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டி வந்துவிட்டது.

வேலூர்ப் பக்கம் பெரும்பாலும் கெட்டிப்பாறை பூமி. மேலே உக்கிய பாறையில் கொஞ்சம் தண்ணீர் தங்கும். அதற்குக் கீழே பாறை வெடிப்புகளில்தான் ஓட்டம். துளை வெடிப்பில் விழுந்தால் உண்டு, தப்பினால் ஆயிரம் அடி போனாலும் புழுதிதான். இது எனக்குத் தெரியும். வேளாண்மைப் பொறியியல் துறையில் மின்தடை அளக்கும் கருவியை வைத்து நிலத்தடி நீர் பார்த்துக் கொடுப்பார்கள் என்பதும் தெரியும். ஆனால் அன்றைக்கு வீடே வண்டியைச் சுற்றி நிற்கிறது, பெரியம்மா கற்பூரம் ஏற்றுகிறார், அண்ணன் முகத்தில் இரண்டு மாதம் கழித்து ஒரு தெளிவு. நான் வாயைத் திறக்கவில்லை.

780 அடி. வெள்ளைப் புகை எழும்பி விடியும்போது வேப்பமரத்து இலையெல்லாம் மாவு பூசியதுபோல இருந்தது. ஒரு சொட்டு ஈரம் இல்லை. குழாய், வண்டி வாடகை எல்லாம் சேர்த்து 73,000.

ஒன்பதாவது நாள் இன்னொரு துளை, 950 அடி. 900 அடிக்குமேல் தண்ணீர் பீச்சியது, பிள்ளைகள் நனைந்து ஆடினார்கள். இரண்டு மணி நேரம் கழித்து நின்றுவிட்டது. 92,000.

ஆக, வானம் எடுத்துக்கொண்டது 19,000. அதை மீட்கப் போய் நாங்களே கொட்டியது 1,65,000. அண்ணியின் ஏழு பவுன் கூட்டுறவு வங்கியில் 85,000 ரூபாய்க்கு அடகு போனது. மீதி 80,000 வெளியில் மூன்று வட்டிக்கு. நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் என்றால் கேட்க லேசாக இருக்கும். மாதம் 2,400, வருடத்துக்கு 28,800. முப்பது மாதத்தில் 72,000 ரூபாய் வட்டியாகவே போனது, முதல் அப்படியே நின்றது.

வறட்சி நிவாரணம் அந்த முறை பாசன நெல்லுக்கு ஏக்கருக்கு 5,465 ரூபாய் என்று வந்தது. இவர்களுக்கு ஆறாயிரம் சொச்சம் கிடைத்திருக்க வேண்டும். பட்டா செத்துப்போனவர் பெயரில், வங்கிப் புத்தகம் உயிரோடு இருப்பவர் பெயரில். சரி செய்ய அலைந்துகொண்டிருக்கும்போதே தேதி தாண்டிவிட்டது. இரண்டு வருடம் கழித்து விவசாயிகளுக்கு உதவித்தொகை தரும் பி.எம். கிசான் திட்டம் வந்தபோதும் இதே கதைதான். நிலம் சொந்தப் பெயரில் இருந்தால்தான் வருடம் 6,000.

அண்ணியின் நோட்டு

இந்தக் குடும்பம் திரும்பி எழுந்ததற்கு ஒரு தொடக்கம் சொல்ல வேண்டுமென்றால், நான் மகளின் பத்தாம் வகுப்பு அறிவியல் நோட்டைத்தான் சொல்வேன். அதன் பின்பக்கம் நாற்பது தாள் காலியாக இருந்தது. 2018இல் ஒரு நாள் அண்ணி அதில் ஸ்கேல் வைத்து மூன்று கட்டம் போட்டார். முதல் கட்டத்துக்குத் தலைப்பு "போனது". இரண்டாவது "போய்க்கினு இருக்கறது". மூன்றாவது "இருக்கறது". அண்ணி எட்டாவது வரைக்கும் படித்தவர். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

முதல் கட்டத்தில் இரண்டு போர், சம்பா நெல். மூன்றாவதில் பசு, கிணறு, நிலம், மகள், "அத்தை கைவிதை" என்று தனியாக ஒரு வரி. நடுக் கட்டத்தில் ஒரே வரி: மூணு வட்டி 2,400. அதைப் பார்த்துவிட்டு அண்ணி என்னிடம் கேட்டது நினைவிருக்கிறது. "போனதப் பத்தியே நாலு பேரும் பேசிக்கினு இருக்கோம் தம்பி. போய்க்கினு இருக்கறதப் பத்தி ஒருத்தரும் பேசலியே?"

அந்த நடு வரியை அடித்ததுதான் அடுத்த ஒன்றரை வருட வேலை. மகள் 2018இல் தோல் காலணி கம்பெனியில் சேர்ந்தாள். கம்பெனி பஸ் விடிகாலையில் ஊர் முனைக்கு வந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போகும். கையில் மாதம் ஒன்பதாயிரத்துக்குக் கொஞ்சம் கீழே. 2019 செப்டம்பரில் அண்ணி தன் மகளிர் குழு மூலம் 50,000 வங்கிக் கடன் எடுத்தார். அதற்கு ஒரு வட்டியும் முழுதாக இல்லை. மகள் சேர்த்ததும் பால் காசும் சேர்த்து வெளிக்கடன் 80,000 ஒரே நாளில் அடைந்தது. கடன் குறைந்தது முப்பதாயிரம்தான். மாதம் போவதோ நாலில் ஒரு பங்குக்கும் கீழே வந்தது.

நகையின் கதை வேறு. 2021இல் கூட்டுறவு வங்கிகளில் ஐந்து பவுனுக்கு உட்பட்ட நகைக்கடனுக்குத் தள்ளுபடி வந்தது. இவர்களது ஏழு பவுன். இரண்டு பவுன் அதிகமாக இருந்ததற்கு வருத்தப்பட்ட ஒரே சந்தர்ப்பம் அதுதான் என்று அண்ணி சிரிப்பார். நகை 2023 தொடக்கத்தில்தான் வீட்டுக்கு வந்தது.

இதற்கிடையில் பட்டா வேலையையும் முடித்தோம். வாரிசுச் சான்று, அண்ணனின் தங்கையோடு பேசிப் பாகப்பிரிவினைப் பத்திரம், உட்பிரிவு, பெயர் மாற்றம். தங்கைக்கு 40 சென்ட் கொல்லை அவள் பெயரிலேயே எழுதினோம், அண்ணன் குத்தகைக்கு உழுகிறார். மொத்தம் பதினான்கு மாதம் ஆனது. இதற்குமேல் அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. அலைச்சல், அவ்வளவுதான்.

இரண்டாவது அடி: 2021 நவம்பர்

அந்த வருடம் எதிர்த் திசையில் அடித்தது. நவம்பர் முழுக்க மழை. பாலாற்றில் கரை புரண்டு ஓடியது. ஊர் ஏரி நிரம்பிக் கடைவாசல் போய், கலங்கலில் வழிந்த தண்ணீர் அண்ணன் கழனிக்குள் புகுந்தது. பூவெடுத்துப் பால் பிடிக்கிற நெல் ஆறு நாள் முழுகிக் கிடந்தது. வடிந்தபோது கதிர் நின்றது, உள்ளே மணி இல்லை, பதர். முப்பது சென்ட் கத்திரியில் மேட்டுப் பக்கம் நான்கு சால் தவிர மற்றதெல்லாம் வேர் அழுகித் தலை தொங்கிவிட்டது. மூன்றாவது பறிப்புகூட முடியவில்லை.

எட்டாவது நாள் போயிருந்தேன். திண்ணையில் நாலைந்து பேர். ஒருவர் உடனே நவரைப் பட்டத்துக்கு நாற்று வாங்கி நட்டுவிடு என்கிறார். ஒருவர் கழனியை மேடாக்க லாரி மண் அடிக்கச் சொல்கிறார். இன்னொருவர் நல்ல விலைக்கு ஆள் இருக்கிறது, கழனியை விற்றுவிட்டுப் பிள்ளையைப் படிக்க வை என்கிறார். அண்ணன் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். 2017இல் அந்தத் தேங்காயைப் பார்த்தபோது இருந்த அதே முகம்.

உள்ளேயிருந்து பெரியம்மா வந்தார். எண்பதை நெருங்கியவர், காது மந்தம். எப்படிக் கேட்டதோ தெரியாது.

"எழவு வூட்டுல எவனாவது பாகம் பேசுவானாடா? பொணத்த எடுக்கற வேல இருந்தா எடுங்க. மத்தத பதினாறு முடிஞ்சி தலை முழுவிட்டுப் பேசுங்க."

திண்ணை காலியானது. நானும் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.

சாவு வீட்டில் இரண்டு வகை வேலை உண்டு. குளிப்பாட்டுவது, எடுப்பது, பால் தெளிப்பது இதெல்லாம் நாள் பார்க்காது, அன்றன்றைக்கே நடக்க வேண்டும். நிலம் யாருக்கு, வீடு யாருக்கு என்கிற பேச்சைக் கருமாதிக்கு முன்னால் எடுத்தால் ஊரே காறித் துப்பும். துக்கத்தில் இருப்பவன் வாயிலிருந்து வருகிற 'சரி'க்கு மதிப்பில்லை என்று நம் ஆட்களுக்குத் தெரிந்திருக்கிறது. பயிர்ச் சாவுக்கு மட்டும் அந்த வழக்கம் இல்லை. மறுநாளே ரிக் வண்டியைக் கூப்பிடுகிறோம்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் அது சட்டமானது. எடுக்கிற வேலை உடனே நடந்தது. வடிகால் வெட்டினார்கள். தேதி தெரிகிற மாதிரி போட்டோ எடுத்தார்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் பயிர்ப் பதிவான அடங்கல் வாங்கினார்கள். இந்த முறை பட்டா அண்ணன் பெயரில் இருந்ததால் நிவாரணப் பட்டியலில் பெயர் தடங்கலின்றி ஏறியது. பயிர்க் காப்பீடும் கட்டியிருந்தார்கள். சம்பா நெல்லுக்கு விவசாயி கட்ட வேண்டியது காப்பீட்டுத் தொகையில் ஒன்றரை சதவீதம்தான்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். காப்பீடு என்றால் என் வயல் போனால் எனக்குப் பணம் வரும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பிரதமர் பயிர்க் காப்பீட்டில் பொதுவாகக் கணக்கு கிராமத்துக்கோ, பல கிராமம் சேர்ந்த பிர்க்காவுக்கோதான். சில வயல்களில் அறுவடைப் பரிசோதனை நடத்திச் சராசரி எடுப்பார்கள். உன் வயல் முழுகியிருந்தாலும் சராசரி நன்றாக இருந்தால் கை வெறும் கைதான். ஆலங்கட்டி, நிலச்சரிவு மாதிரி சிலவற்றுக்கு மட்டும் 72 மணி நேரத்துக்குள் சொன்னால் தனி வயலைப் பார்ப்பார்கள். அப்போதைய விதியில் நெல் வயலில் தண்ணீர் தேங்குவது அந்தப் பட்டியலில் கிடையாது. அண்ணனுக்குக் காப்பீட்டில் வந்தது சொற்பம், அதுவும் ரொம்ப நாள் கழித்து. அதை நம்பி யாரும் ஒன்றும் செய்யவில்லை என்பதால் ஏமாற்றமும் இல்லை.

முடிவுகள் பதினாறு கழித்து. அதற்குள் கழனி வாயால் சொல்லாமல் ஒன்றைச் சொல்லிவிட்டது. தண்ணீர் வடிந்து பத்து நாளில் ஈரம் பதமாக நின்றது. நவரை நெல் நட்டால் நடவு, உரம் என்று மறுபடி இருபதாயிரம் கடன். பதிலாக உளுந்து விதைத்தார்கள், வம்பன் 8. ஏக்கருக்கு எட்டு கிலோ விதை, உழவு ஒன்று, அவ்வளவுதான் செலவு. பூக்கிறபோது ஒரு தடவையும் பதினைந்து நாள் கழித்து ஒரு தடவையும் டி.ஏ.பி. கரைசல் இரண்டு சதவீதம் தெளிக்கச் சொன்னேன். முந்தின நாளே ஊறவைத்துத் தெளிவை மட்டும் வடித்துத் தெளிக்க வேண்டும், இல்லையென்றால் நாசில் அடைத்துக்கொள்ளும். 260 கிலோ கிடைத்தது, 15,600 ரூபாய். நெல் நஷ்டத்தை அது ஈடுகட்டவில்லை. ஆனால் புதுக்கடன் ஒரு ரூபாய் இல்லை. மேட்டில் தப்பிய நான்கு சால் கத்திரியைக் கவாத்து செய்துவிட்டார்கள். பெரியம்மா அதிலிருந்துதான் மறுவருட விதையை எடுத்தார்.

அந்த மழையால் இன்னொன்றும் நடந்தது. கிணறு வாய்வரைக்கும் நிறைந்தது. 2022 கோடையில் தண்ணீர் இறங்கியதும், பங்காளியும் அண்ணனும் முதல் தடவையாகச் சேர்ந்து கிரேன் வைத்துத் தூர் வாரி எட்டு அடி ஆழப்படுத்தினார்கள். செலவு 46,000, ஆளுக்குப் பாதி. 1,65,000 கொட்டிய இரண்டு துளைகளும் கல் மூடிக் கிடக்கின்றன. 23,000 போட்ட கிணறு இன்றைக்கும் கொடுக்கிறது. இதை எழுதும்போது எனக்கு வயிறு எரிகிறது. 2017இலேயே அந்தக் கிணற்றை எட்டிப் பார்க்க எங்களில் ஒருவனுக்கும் தோன்றவில்லை.

மூன்றாவது அடி: பசு

பணக் கணக்கில் இதுதான் சின்னது. மனுஷனைச் சாய்த்ததும் இதுதான்.

2022 தொடக்கத்தில் வங்கிக் கடனில் 48,000 ரூபாய்க்கு இரண்டாவது பசு வாங்கினார்கள். வேளைக்கு நாலு லிட்டர், நாளைக்கு எட்டு. பால் சங்கத்தில் ஊற்றினால் சத்தைப் பொறுத்து விலை, நாளைக்குச் சுமார் 250 ரூபாய். 2023 செப்டம்பரில் கொல்லை ஓரத்துச் சோளத்தை அறுத்த பிறகு, வெயிலில் வாடிக் கிடந்த கட்டைகள் ஒரு மழைக்கு முழங்கால் உயரம் துளிர்த்தன. கயிறு அறுத்துக்கொண்டு போன அந்தப் புதுப் பசு அதை மேய்ந்தது. இளஞ்சோளத்தில், அதுவும் வாடித் துளிர்த்த கட்டையில், சயனைடு விஷம் ஏறியிருக்கும். பூத்த பிறகு அறுத்தால் பயம் குறைவு, நன்றாகக் காயவைத்தாலும் குறையும். இது அண்ணனுக்குத் தெரியாத விஷயமில்லை. அரை மணி நேரத்துக்குள் பசு தள்ளாடி விழுந்தது. கால்நடை மருத்துவர் மருந்தோடு வந்து சேர்ந்தபோது முடிந்துவிட்டது.

காப்பீடு இருந்தது. காப்பீட்டு எண் போட்ட காது வில்லை இல்லை. நாலு மாதம் முன்பு தொழுவத்துக் கம்பத்தில் உரசி விழுந்துவிட்டது, மறுபடி போட்டுக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார்கள். வில்லை இல்லையென்றால் இழப்பீடு இல்லை. பிரேதப் பரிசோதனைச் சான்று எல்லாம் வாங்கியும் பயனில்லை. பத்தொன்பது தவணை பாக்கி நின்றது. பால் குடிக்கிற கன்று ஒன்றும்.

நெல் போனபோது மழையைத் திட்ட முடிந்தது. இதில் திட்ட ஆளில்லை. கயிறு கட்டியது தானே, கட்டையை உழாமல் விட்டது தானே என்று அண்ணன் தன்னையே அரித்துக்கொண்டார்.

ஆறாவது நாள் செவ்வாய்க்கிழமை. பொய்கைச் சந்தை நாள். அண்ணன் யாரிடமும் சொல்லாமல் மீதியிருந்த ஐந்து மாதச் சினைப் பசுவை வண்டியில் ஏற்றிவிட்டார். "இதுவும் என் கண்ணு முன்னால போவக் கூடாது" என்று மகனிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். அண்ணி எனக்குப் போன் செய்தார். நான் போய்ச் சேர்ந்தபோது தரகர் தோள் துண்டை இருவர் கை மேலும் போட்டிருந்தார். பொய்கையில் விலை வாயால் பேசமாட்டார்கள், துண்டுக்கடியில் விரலைப் பிடித்துத்தான். துண்டு இரண்டு தடவை அசைந்தது. இருபது, அப்புறம் ஒரு இரண்டு. நாற்பதுக்குக் குறையாத மாடு. அண்ணன் என்னைப் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் 2017 மாதிரி இல்லை, பக்கத்தில் போய் நின்றேன். துண்டுக்கடியிலிருந்து கையை உருவிக்கொண்டார். அதே வண்டியில் மாடு வீட்டுக்குத் திரும்பியது. வண்டி வாடகை 1,400 ரூபாயை அண்ணி "போனது" கட்டத்தில் எழுதியிருக்கிறார்.

ஆனால் அதற்குப் பிறகு அண்ணன் மெல்ல மெல்ல ஒடுங்கினார். டீக்கடைக்குப் போவதில்லை. பங்காளி மகள் கல்யாணத்துக்குப் போகவில்லை. மொய் எழுதக் காசில்லாததால் என்று நாங்கள் நினைத்தோம். இரவில் கிணற்று மேட்டில் போய் உட்கார்ந்திருப்பார். ஒரு நாள் பேச்சோடு பேச்சாக, "நான் இல்லன்னா இந்தக் கடனாவது முடியும் போல" என்றார். அண்ணி அன்று இரவே வீட்டிலிருந்த பூச்சிமருந்து டப்பாக்கள் அத்தனையையும் மூட்டை கட்டி, ஊருக்கு மறுகோடியில் தன் அண்ணன் வீட்டில் வைத்துப் பூட்டச் சொன்னார். மறுநாள் எனக்குச் சொன்னார்.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் அழுத்தியே எழுதுகிறேன். இப்படி ஒரு வார்த்தை வீட்டில் விழுந்தால் அதைப் புலம்பல் என்று தள்ளக் கூடாது. மருந்தை எட்டாத இடத்துக்கு அப்புறப்படுத்துவது, ஆளைத் தனியாக விடாமல் இருப்பது, நேராகக் கேட்டுவிடுவது, இந்த மூன்றும் அன்றைக்கே செய்கிற வேலை. பதினாறு நாள் கணக்கு இதற்குக் கிடையாது. நான் அண்ணனிடம் நேராகவே கேட்டேன், சாகணும்னு நினைக்கிறியா என்று. ரொம்ப நேரம் கழித்து, "ரெண்டு மூணு தடவ நெனச்சேன்" என்றார். கேட்டதால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை, அழுதார். 104 என்ற அரசு மருத்துவ உதவி எண்ணுக்கு அடித்தோம். ஆலோசகர் நாற்பது நிமிடம் பேசினார். அந்த வாரமே அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சில மாதம் மாத்திரை சாப்பிட்டார். தூக்கம் திரும்பியது, அப்புறம் பசி, அப்புறம் கோபம். மல்லாட்டை வியாபாரி எடையில் ஏமாற்றுகிறான் என்று சண்டை போட்ட அன்றைக்குத்தான் எனக்கு நிம்மதி வந்தது. 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணிலும் எந்நேரமும் தமிழில் பேசலாம். சுவரில் எழுதி வைக்கிற அளவுக்கு அவசியமான எண்கள்.

சினைப் பசு தையில் ஈன்றது. கிடேரிக் கன்று.

இந்தக் குடும்பத்தைப் பற்றி என் கணிப்பு

பாராட்டிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. நிலம் மட்டும் இவர்களைக் காப்பாற்றியிருக்காது. மகள் விடிகாலை பஸ் ஏறிப் போய் ஒட்டிய செருப்புதான் முதல் மூன்று வருடத்தைத் தாண்ட வைத்தது. அவள் மேலே படித்திருக்க வேண்டியவள். அண்ணியின் நோட்டில் அது எந்தக் கட்டத்திலும் இல்லை. ஒரு தடவை கேட்டேன். "அத எந்தக் கட்டத்துல எழுதறது தம்பி?" என்றார்.

கிணறு நிறைந்ததும் 2021 மழையின் புண்ணியம்தான். அந்த மழை நெல்லை முழுக்கியது, கிணற்றைக் கொடுத்தது. நாங்கள் திறமையாகச் செய்ததாக அதைச் சொல்லிக்கொள்ள முடியாது.

திறமை என்று நான் எண்ணுவது, மூன்று அடியிலும் அடிக்கு அடுத்த வாரம் நடந்ததை ஒன்றோடொன்று வைத்துப் பார்ப்பதில் தெரிகிறது. முதல் தடவை ஒன்பது நாள் இடைவெளியில் இரண்டு துளை, ஒன்றே முக்கால் லட்சத்துக்குப் பத்தாயிரம் குறைவு. இரண்டாவது தடவை விதை உளுந்தும் ஒரு உழவும். மூன்றாவது தடவை வண்டி வாடகை 1,400. சினைப் பசுவை அன்று விட்டிருந்தால் பதினெட்டாயிரத்துக்குக் குறையாமல் இழந்திருப்போம், பாலும் கன்றும் தனி. துக்கம் மூன்று தடவையும் குறையவில்லை. கடைசியில் கூடித்தான் போனது. துக்கத்தோடு சேர்ந்து கையெழுத்தும் போடாமல் இருக்க மட்டும் பழகியிருந்தார்கள்.

ஒரு குறையும் உண்டு. பதினாறு நாளுக்குள் தப்பிப் போகிற வாய்ப்பும் இருக்கிறது. 2021இல் ஒரு வாரம் முந்தி விதைத்திருந்தால் உளுந்து இன்னும் ஐம்பது கிலோ வந்திருக்கும் என்று அண்ணனே சொல்வார். அதை நான் மறுக்கவில்லை.

இப்போது

தொழுவத்தில் இரண்டு கறவை, ஒரு கிடேரி. மூன்றுக்கும் காதில் வில்லை இருக்கிறது, அண்ணி பால் கறக்கும்போது தினமும் தொட்டுப் பார்க்கிறார். வங்கித் தவணை முடிந்தது. மகளுக்குக் கல்யாணம் பேசுகிறார்கள். மகன் காட்பாடியில் பாலிடெக்னிக் முடித்துவிட்டான், விவசாயம் பக்கம் வருவதாகத் தெரியவில்லை. பெரியம்மா போன வருடம் போய்ச் சேர்ந்தார். பதினாறாம் நாள் காரியம் முடிகிறவரை அவருடைய விதை முடிச்சை யாரும் பரணிலிருந்து இறக்கவில்லை.

இந்தப் புரட்டாசியில் கொல்லையில் மல்லாட்டை காய் பிடித்து முற்றுகிற நேரத்தில் காட்டுப்பன்றி இறங்கியது. ஒரே ராத்திரியில் இருபது சென்ட்டை உழுதமாதிரி கிளறிப் போட்டுவிட்டது. பக்கத்துக் கொல்லைக்காரர் வந்து கரண்ட் வேலி போடலாம், இருவருமாகச் செலவைப் பகிர்ந்துகொள்ளலாம் என்றாராம். அந்த வேலியில் மனிதர்களும் செத்திருக்கிறார்கள், பிடிபட்டால் வழக்கு. விஷயம் கேள்விப்பட்டதும் பதறிப்போய் அண்ணனுக்குப் போன் போட்டேன். வனத்துறையில் மனு கொடுத்தாயா, போட்டோ எடுத்தாயா, வேலி விஷயம் என்ன ஆச்சு என்று வரிசையாகக் கேட்டேன்.

"மனு குத்தாச்சி, போட்டோவும் எடுத்தாச்சி" என்றார். "வேலியப் பத்தி இன்னும் பதினோரு நாளு கழிச்சிக் கேளு."